குறை சொல்லத் தெரியுமா? மாதிரிக் கப்பல் கற்றுத் தரும் பாடம்

ஸ்ரீபெரும்புதூரில் கடல் இல்லை. ஒரகடத்திலும் இல்லை. ஏரிகள் உண்டு, அவற்றில் கப்பல் போகாது.

ஆனாலும் இந்தப் பகுதிக்கும் கப்பலுக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. இங்கே உள்ள ஆலைகளில் உருவாகும் மோட்டார் கார்கள் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறுகின்றன. பல தேசங்களில் ஓடுகின்றன. பெரிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு துறைமுகத்தை நோக்கி ஓடும் லாரிகளை இந்த ஊர் மக்கள் இரவு பகலாகப் பார்க்கிறார்கள்.

இன்னோர் உறவும் உண்டு. இந்த ஆலைகளில் பொருளின் குறையைக் கண்டுபிடிப்பதே சிலருக்கு உத்தியோகம். அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். "இது சரியில்லை" என்று சீட்டு ஒட்டுவார்கள். மாதிரிக் கப்பல் செய்கிறவர்களின் கூட்டத்திலும் இதே வேலை நடக்கிறது. ஒரு வித்தியாசம்தான். ஆலையில் குறை கண்டால் சம்பளம் கிடைக்கும். இங்கே குறை கண்டால் மனக்கசப்பு வரும்!

அந்த மனக்கசப்பு வராமல் குறை சொல்ல முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

விளையாட்டு அல்ல!

மாதிரிக் கப்பல் என்றால் காகிதக் கப்பல் அல்ல. உண்மையான ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு, அதன் படத்தைப் பார்த்து, அளவு பிசகாமல் சிறியதாகச் செய்வது. நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 69 மீட்டர் நீளமுள்ள கப்பல் 69 செண்டிமீட்டராகும். மேஜையில் அடங்கிவிடும்.

செய்வது சுலபமில்லை. முதலில் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டை. அதன் மேல் விலா எலும்பு போன்ற சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்ட வேண்டும். பிறகு பாய்மரம், கயிறு, நங்கூரம், கொடி. ஒரு கப்பலுக்கு மாதக்கணக்கில் ஆகும். வருஷக்கணக்கில் செய்கிறவர்களும் உண்டு.

அவ்வளவு பாடுபட்டு ஒருவர் தம் கப்பலைக் கொண்டுவந்து நாலு பேர் முன்னால் வைக்கிறார். அந்த நேரத்தில் அவர் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்! பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடுகிற தாயின் நிலைதான்.

பார்க்க வருகிறவர்களில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம், எதைப் பார்த்தாலும் "பேஷ்! பிரமாதம்!" என்பார்கள். கப்பலைப் பார்த்தார்களா என்பதே சந்தேகம். இரண்டாவது ரகம், தூரத்திலேயே சிரிப்பார்கள். "இதென்ன, தோசைக்கல்லுக்குப் பாய் கட்டினாற் போல் இருக்கிறது!" என்பார்கள். சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். செய்தவர் வீட்டுக்குப் போய்க் கப்பலைப் பரண்மேல் போடுவார். மறுபடி உளியைத் தொடமாட்டார்.

மூன்றாவது ரகம் கிட்டே வந்து, குனிந்து, நிதானமாகப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு கேள்வி கேட்பார்கள். இவர்களைத்தான் நாம் தேட வேண்டும்.

காற்று எந்தப் பக்கம்?

மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று. பாயை முன்பக்கம் புடைத்திருப்பது போல் அமைப்பார்கள். கொடியைப் பின்பக்கம் பறப்பது போல் ஒட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாய் முன்னே புடைக்க வேண்டுமானால் காற்று பின்னாலிருந்து அடிக்க வேண்டும். அதே காற்று கொடியையும் முன்பக்கமாகத்தானே பறக்கவிடும்? மோட்டார் காரில் கட்டிய கொடி பின்னால் பறக்கும். பாய்க்கப்பலின் கொடி அப்படியல்ல.

இந்தத் தவறை இரண்டு விதமாகச் சொல்லலாம்.

"உனக்குக் காற்று என்றால் என்ன என்று தெரியுமா?" என்று கேட்கலாம். பையன் முகம் சுருங்கிவிடும்.

"தம்பி, பலகை ஒட்டியிருப்பது ரொம்ப நேர்த்தி. ஒன்று கேட்கட்டுமா? உன் கப்பலுக்குக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது?" என்றும் கேட்கலாம். பையன் பாயைப் பார்ப்பான், கொடியைப் பார்ப்பான். அவனே "அடடா!" என்பான்.

இரண்டு பேரும் சொன்னது ஒரே குறைதான். முதல் கேள்வி பையனைக் குறை சொன்னது. இரண்டாவது கேள்வி கொடியைக் குறை சொன்னது.

இன்னோர் உதாரணம், கயிறு. நூறில் ஒரு பங்கு கப்பலுக்குச் சாதாரணமாக 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நூலைக் கட்டிவிடுவார்கள். மெல்லிய நூல்தானே என்று தோன்றும். ஆனால் உண்மைக் கப்பலில் அது 20 செண்டிமீட்டர் தடிமனாகும். அதாவது, ஆள் தொடை அளவு கயிறு! அதைப் பிடித்து எந்த மாலுமி பாயை இழுப்பான்? "கயிறு அசிங்கமாக இருக்கிறது" என்றால் அது வெறும் அபிப்பிராயம். "நூறால் பெருக்கிப் பாருங்கள்" என்றால் அது கணக்கு. கணக்கோடு யாரும் சண்டைக்குப் போக முடியாது.

வாய் திறக்காததால் மூழ்கிய கப்பல்

"மனம் நோகும் என்றால் பேசாமலே இருந்துவிடலாமே! அதுதானே மரியாதை?" என்று சிலர் கேட்பார்கள். அந்த மரியாதை என்ன செய்யும் என்பதற்கு ஸ்வீடன் தேசத்தில் நடந்த சம்பவத்தைக் கேளுங்கள்.

அந்த நாட்டு அரசர் குஸ்தாவ் அடால்ஃப் ஒரு பெரிய போர்க்கப்பல் கட்டச் சொன்னார். பெயர் 'வாசா'. 64 பீரங்கிகள், இரண்டு பீரங்கித் தளங்கள், எங்கு பார்த்தாலும் மரச் சிற்பங்கள். கட்டும் பொறுப்பை ஏற்றிருந்த தலைமைத் தச்சர் வேலை முடிவதற்கு முன்பே, 1627இல் காலமாகிவிட்டார். அரசரோ வெளிநாட்டில் யுத்தத்தில் இருந்தார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று கடிதம் மேல் கடிதம் வந்தது.

1628இல் கப்பலைச் சோதித்துப் பார்த்தார்கள். 30 ஆட்கள் மேல்தளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட வேண்டும். கப்பல் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பதற்காக. மூன்று முறை ஓடினார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியது. கடற்படைத் தளபதி சோதனையை நிறுத்தச் சொன்னார். மேலும் ஓடினால் துறையிலேயே கவிழ்ந்துவிடும் என்ற பயம்!

தெரிந்துவிட்டது அல்லவா? கப்பலின் மேல்பாரம் அதிகம். ஆனால் "இது கடலுக்குப் போகக்கூடாது" என்று அரசருக்கு யாரும் எழுதவில்லை.

1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். மாலுமிகளின் மனைவி மக்களும் சிறிது தூரம் கூடப் போகலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். கப்பல் கிளம்பியது. சுமார் 1,300 மீட்டர் போயிருக்கும். ஒரு காற்று அடித்தது. கப்பல் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கித் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் பாய்ந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது. சுமார் 30 பேர் இறந்தார்கள்.

விசாரணை நடந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. அளவுகளுக்கு அரசரே சம்மதித்திருந்தார் என்று சாட்சியம் வந்தது. அரசரை யார் தண்டிப்பது?

சோதனை நடந்தது, குறை தெரிந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. இதை மரியாதை என்று சொல்லலாமா?

நீலமா? சிவப்பா?

'வாசா'வின் கதை அதோடு முடியவில்லை. 333 வருஷங்கள் கழித்து, 1961 ஏப்ரல் 24ஆம் தேதி அந்தக் கப்பலை அப்படியே நீருக்கு மேலே தூக்கினார்கள். இன்று ஸ்டாக்ஹோமில் ஒரு பெரிய காட்சிசாலையில் இருக்கிறது. உலகம் முழுவதும் மாதிரிக் கப்பல் செய்கிறவர்களுக்கு 'வாசா' என்றால் உயிர்.

இங்கேதான் வேடிக்கை. மேலே தூக்கிய காலத்தில், கப்பலின் சிற்பங்களுக்குப் பின்னால் இருந்த நிறம் நீலம் என்று நம்பினார்கள். அதன்படி மாதிரி செய்தவர்கள் நீல வண்ணம் பூசினார்கள். பிற்பாடு மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்தார்கள். நிறம் சிவப்பு என்று தெரிந்தது! காட்சிசாலையில் பத்தில் ஒரு பங்கு அளவில் வைத்திருக்கும் மாதிரிக் கப்பல் இப்போது சிவப்புப் பின்னணியில்தான் இருக்கிறது.

இப்போது ஒருவர் வீட்டில் நீல நிற 'வாசா' இருக்கிறது என்று வையுங்கள். நேற்றுத்தான் புத்தகம் படித்த ஒருவர் போய், "ஐயையோ, நிறமே தப்பு! இதுகூடத் தெரியாதா?" என்று கத்தினால் எப்படி இருக்கும்? செய்தவர் அசட்டையாக இருக்கவில்லை. அவர் செய்த காலத்தில் அதுதான் சரி.

ஆகவே குறை சொல்லுமுன் கேட்க வேண்டும். "எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தீர்கள்? எந்த வருஷம்?" பதில் வந்த பிறகு, "புதிதாக ஒரு விஷயம் கண்டுபிடித்திருக்கிறார்களாம், தெரியுமா?" என்று சொன்னால் போதும். குறையாகப் போக வேண்டியது செய்தியாகப் போய்ச் சேரும்.

ஆணி அடித்த கட்டுமரம்

நம் கடற்கரைப் படகுகளுக்கும் இது பொருந்தும். கட்டுமரத்தின் பெயரிலேயே அதன் ரகசியம் இருக்கிறது. கட்டைகளைக் கயிற்றால் கட்டுவது, ஆணியால் அடிப்பதில்லை. அலை மோதும்போது கட்டு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் கட்டைகளைக் காய வைக்கலாம். சென்னைக் கரையில் முன்பு ஓடிய மசூலா படகும் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்ததுதான். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும்.

பட்டணத்தில் ஒருவர் அழகான கட்டுமரம் செய்து, உறுதிக்காக நாலு ஆணியும் அடித்துவிடுவார். அந்தக் குறையைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கடலுக்குப் போகிற மீனவர் ஒருவர் பார்த்தால் போதும். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராகக்கூட இருக்கலாம். இந்த விஷயத்தில் அவர்தான் பேராசிரியர். அவரிடம் போய், "அண்ணே, இது சரியா இருக்கா?" என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒருவர் இதைத்தான் செய்தார். எட்மோன் பாரிஸ் என்று பெயர். ஊர்ப் பெயர் அல்ல, ஆள் பெயர்தான்! 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் கப்பலில் உலகைச் சுற்றி வந்தபோது, போன இடமெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து படம் எழுதினார். நம் சோழமண்டலக் கரைப் படகுகளையும் விடவில்லை. ஐரோப்பியர் பலர் இவற்றை அலட்சியமாகப் பார்த்த காலம் அது. பிற்காலத்தில், 1871 முதல் 1893இல் இறக்கும்வரை, பிரான்ஸின் கடற்படைக் காட்சிசாலைக்குத் தலைவராக இருந்தார். தம் படங்களைக்கொண்டு மாதிரிப் படகுகள் செய்ய வைத்தார். ஏளனம் செய்திருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைத்திராது. அளந்து பார்த்ததால் நமக்கும் ஒரு சரித்திரம் மிஞ்சியது.

"பொறாமை!" என்றார்கள்

குறை சொல்கிறவருக்கு மட்டும் பண்பு இருந்தால் போதாது. கேட்கிறவருக்கும் வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு பரிதாபத்தைச் சொல்ல வேண்டும்.

கௌப்பர் கோல்ஸ் என்று ஒரு கடற்படை அதிகாரி. கெட்டிக்காரர். நாலா பக்கமும் திரும்பும் பீரங்கிக் கோபுரத்தைக் கப்பலில் வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் அவர் விரும்பிய கப்பலில் பக்கச் சுவர் நீர்மட்டத்துக்கு மேலே மிகத் தாழ்வு. பாய்மரங்களோ மிக உயரம்.

கடற்படையின் தலைமைக் கப்பல் நிபுணர் எட்வர்ட் ரீட் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தாழ்ந்த கப்பலில் உயர்ந்த பாய்மரம் ஆபத்து என்று சொன்னார். காரணம் எளிது. கப்பல் சாயும்போது உயர்ந்த பக்கம் நீரில் அழுந்தி, மறுபடி அதை நிமிர்த்துகிறது. பக்கம் தாழ்வாக இருந்தால் தளத்தின் விளிம்பே நீருக்குள் போய்விடும். அப்புறம் நிமிரும் சக்தி குறைந்துகொண்டே வரும்.

கோல்ஸ் கேட்கவில்லை. பத்திரிகைகள் கோல்ஸ் பக்கம். பொதுஜனங்களும் அவர் பக்கம். "வெளியாள் ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்தால் ஆபீஸ்காரர்களுக்குப் பொறாமை" என்ற எண்ணம் பரவியது. 'கேப்டன்' என்ற பெயரில் அந்தக் கப்பல் கட்டப்பட்டது. கட்டும்போது எடையும் கூடிவிட்டது. 8 அடி நிற்க வேண்டிய பக்கச் சுவர் சுமார் 6½ அடிதான் நின்றது.

1870 செப்டம்பர் 7ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். ஸ்பெயின் கரைக்கு அப்பால் புயற்காற்று. 'கேப்டன்' சாய்ந்தது, நிமிரவில்லை. சுமார் 480 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் 18 பேர். கப்பலிலேயே இருந்த கோல்ஸும் இறந்தார். கடற்படை மந்திரி சில்டர்ஸ் நம்பிக்கையோடு தம் மகனையே அந்தக் கப்பலுக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பையனும் போய்விட்டான்.

ரீட் சொன்னது சரி. ஆனால் அது சண்டையாக மாறிவிட்ட பிறகு, யார் கட்சி ஜெயிக்கும் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். கப்பல் மிதக்குமா என்று பார்க்கவில்லை.

மெழுகுக் கப்பலின் வெற்றி

அதே காலத்தில், அதே நாட்டில், இன்னொரு வாக்குவாதம் நடந்தது. அதன் முடிவு எவ்வளவு வேறு என்று பாருங்கள்.

வில்லியம் ஃபுரூட் என்ற என்ஜினீயர் ஒரு விஷயம் சொன்னார். "பெரிய கப்பலைக் கட்டிவிட்டுச் சோதிப்பானேன்? சின்ன மாதிரியைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்தே பெரிய கப்பலுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று சொல்லிவிடலாம்" என்பது அவர் கருத்து.

ஜான் ஸ்காட் ரஸ்ஸல் மறுத்தார். அவர் சாமானியர் அல்ல. அக்காலத்தின் மிகப் பெரிய கப்பலான 'கிரேட் ஈஸ்டர்ன்' அவருடைய கப்பல் தளத்தில் கட்டப்பட்டதுதான். இந்தச் சோதனைகள் செய்கிறவருக்குச் சந்தோஷம் தரும். பெரிய கப்பலுக்கு உதவாது என்று பொதுச் சபையிலேயே சொன்னார்.

ஃபுரூட் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. ஏற்கெனவே 1867இல் அன்னம், அண்டங்காக்கை என்ற பெயர்களில் இரண்டு வடிவங்களை 3 அடி, 6 அடி, 12 அடி நீளங்களில் செய்து இழுத்துப் பார்த்திருந்தார். அதிலிருந்து ஒரு விதி கிடைத்தது. மாதிரி நூறில் ஒரு பங்கானால், வேகம் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 20 மைல் வேகத்தில் போகும் கப்பலின் மாதிரியை 2 மைல் வேகத்தில் இழுத்தால்தான் அலைகள் ஒத்து வரும்.

சந்தேகப்பட்டவர்களுக்குப் பதிலாக, 1871இல் 'கிரேஹவுண்ட்' என்ற நிஜக் கப்பலையே இன்னொரு கப்பலால் இழுத்து அளந்து காட்டினார். மாதிரி சொன்ன கணக்கும் கப்பல் சொன்ன கணக்கும் ஒத்துப் போயின. வாதம் முடிந்தது! டார்க்கி என்ற ஊரில் அவர் வீட்டருகே நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி, 1872 முதல் மெழுகால் செய்த மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். அவருக்கு ஆதரவாக இருந்தவர் யார் தெரியுமா? 'கேப்டன்' கப்பலை எதிர்த்த அதே எட்வர்ட் ரீட்தான்.

இன்று உலகெங்கும் கப்பல்கள் இப்படித்தான் சோதிக்கப்படுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும் இப்படி மாதிரிகளை இழுக்கும் தொட்டி இருக்கிறது. ரஸ்ஸலின் கண்டனம் வீணாகவில்லை. அது ஃபுரூட்டை நிரூபிக்க வைத்தது.

மார்க்குப் போடும் முறை

மாதிரிக் கப்பல் செய்கிறவர்களுக்கு நவிகா என்று ஓர் உலக அமைப்பு இருக்கிறது. 1959இல் தொடங்கியது. அதன் போட்டிகளில், அலங்காரமாக வைக்கும் கப்பல்களுக்கு நடுவர்கள் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுகிறார்கள். கைவேலை எப்படி, எவ்வளவு கடினமான வேலையை எடுத்துக்கொண்டார், படத்தோடு ஒத்துப் போகிறதா என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். செய்தவர் தாம் பின்பற்றிய படங்களையும் ஆதாரங்களையும் கூடவே கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல அம்சம், குறிப்பிட்ட புள்ளிக்கு மேல் வாங்கிய எல்லோருக்கும் தங்கப் பதக்கம் உண்டு. பக்கத்து மேஜைக்காரர் தோற்றால்தான் நான் ஜெயிப்பேன் என்பதில்லை. ஆகவே அவருக்கு ஒரு யோசனை சொல்வதால் எனக்கு நஷ்டமும் இல்லை.

நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சேரும் மாணவ மாணவிகளுக்கு மாதிரிக் கப்பல் செய்வது பயிற்சியில் ஒன்று. அகில இந்திய நௌ சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ கடற்படைப் பிரிவு இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆலையும் தறியும்

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை 2010இல் வந்தது. பிறகு லாரிகள், மோட்டார் சைக்கிள்கள், டயர்கள் என்று ஆலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

மோட்டார் ஆலைகளில் உலகம் முழுவதும் பரவியுள்ள ஒரு முறை ஜப்பானில் பிறந்தது. வேலையில் ஏதாவது கோளாறு கண்டால், எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உடனே தெரிவிக்கலாம். தேவையானால் உற்பத்தி வரிசையே நிற்கும். இந்த யோசனைக்கு மூலம் என்ன தெரியுமா? ஒரு தறி! சகிச்சி டொயோடா என்பவர் 1924இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுந்த இழையைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் சேலை முழுவதும் பாழ்.

கோளாறு தெரிந்ததும் நல்ல மேஸ்திரி "யார் செய்தது?" என்று முதலில் கேட்பதில்லை. "எப்படி நேர்ந்தது?" என்று கேட்கிறார். திட்டு விழும் என்று பயந்தால் தொழிலாளி பொத்தானை அழுத்தமாட்டான். கோளாறு வண்டியோடு சேர்ந்து சாலைக்குப் போய்விடும். 'வாசா' கப்பலுக்கு அப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தால்!

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த ஊர். அவர் இளம் வயதில் யாதவப் பிரகாசரிடம் படித்ததைக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. குரு ஒரு நாள் மறைமொழி ஒன்றுக்குப் பொருத்தமில்லாத உவமை சொல்லிப் பொருள் கூறினாராம். குருவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த சீடர் கண்ணிலிருந்து சூடாக நீர் சொட்டியதாம். ஏன் என்று குரு கேட்ட பிறகே, தமக்குத் தோன்றிய பொருளை அடக்கமாகச் சொன்னாராம். குருவுக்குக் கோபம் வந்தது. ஆனால் பின்னாளில் அந்தக் குருவே இவருக்குச் சீடரானார் என்று முடிகிறது கதை. எதிரே இருந்தவர் குரு என்பதற்காக அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. இகழ்ந்தும் பேசவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது

இது கப்பல்காரர்களுக்கு மட்டும் சொன்ன பாடமல்ல. உங்கள் வீட்டில் பெண் கோலம் போடுகிறாள். பையன் படம் வரைகிறான். தம்பி புதிதாகச் சமைக்கக் கற்றுக்கொள்கிறான். எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் நன்றாகப் பாருங்கள். பார்க்காமல் புகழ்வதும் பார்க்காமல் இகழ்வதும் ஒன்றுதான். நன்றாக இருக்கும் ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "பலகை இணைப்பு நேர்த்தி" என்றால் நீங்கள் பார்த்தீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவர் என்ன செய்ய நினைத்தார் என்று கேளுங்கள். பத்து வயதுப் பையன் முதல் முறை செய்த கப்பலையும், இருபது வருஷம் பழகியவர் போட்டிக்கு அனுப்பும் கப்பலையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. பையனுக்கு ஒரு குறை போதும். பழகியவருக்குப் பத்தும் சொல்லலாம். அவர் நன்றி சொல்வார்.

சொல்வதை அளவோடும் ஆதாரத்தோடும் சொல்லுங்கள். திருத்தும் வழி தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம். தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால், அப்போது தயக்கமே கூடாது. உரக்கச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

கேட்கிறவருக்கும் ஒரு வார்த்தை. குறை சொல்கிறவர் தம் நேரத்தைச் செலவழித்து உங்கள் வேலையைப் பார்த்திருக்கிறார். உடனே பதில் சொல்ல வேண்டாம். ஒரு ராத்திரி பொறுத்திருங்கள். காலையில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அவர் சொன்னது தவறானால் ஃபுரூட்டைப் போல் நிரூபித்துக் காட்டுங்கள். சரியானால் கொடியைக் கழற்றித் திருப்பி ஒட்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை!

அடுத்த முறை யாராவது தாம் செய்ததை உங்களிடம் காட்டினால், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். குனிந்து பார்த்து, "காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.